காலிச் சட்டியில் கனம் வராது

சென்னை மெரினாவில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே, நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய தினம், திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அது. இன்று பேருந்து நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, 1929 முதல் 1957 வரை சென்னை அரசு கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றிருந்தவர். மல்யுத்தத்திலும் வேட்டையிலும் ஈடுபாடு உள்ளவர் என்பதால், தசை எங்கே இறுகும், எங்கே தளரும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் இரவுக் காவலர். இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை 1923இல் சிங்காரவேலர் நடத்திய நகரம் சென்னை. அவற்றில் ஒன்று இதே கடற்கரையில் நடந்தது. ஆக, சிலை வேறெங்கும் நின்றிருக்க முடியாது.

சிற்பம் பயில வருகிறவர்கள் அந்தச் சிலையின் முன் உட்கார்ந்து வரையாமல் படிப்பை முடிப்பதில்லை. ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கங்கள் முழுக்க முதுகும் தோளுமாக இருக்கும். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோதான் பார்வை கீழே இறங்கிப் பாதத்துக்கு வரும். நெம்புகோலைப் பிடித்திருப்பது கை என்றாலும் பாறையை அசைப்பது மண்ணில் ஊன்றிய கால் என்று அப்போதுதான் பிடிபடும். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, அதே மாணவர்களில் சிலருக்கு இன்னொன்றும் உறுத்தத் தொடங்கும். இந்த நால்வரும் செய்வது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை. பாறை நகர்ந்துவிட்டால் முடிந்தது. நகரத்தில் நடக்கும் கூலி வேலையோ அப்படிப்பட்டதல்ல. சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறி இறங்கும் சித்தாள், எத்தனை நடை என்று எண்ணுவதையே விட்டிருப்பார். நான்கு பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதும் உறுத்தும். மூன்று ஆண்டு முன்னதாக, 1956இல், சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் வைத்த ‘மில் அழைப்பு’ சிற்பத்தில் சங்கொலி கேட்டு ஆலைக்கு ஓடுகிறவர்கள் பெண்கள். குளித்த ஈரத் துணியை ஓட்டத்திலேயே காற்றில் உலர்த்திக்கொண்டு ஓடுகிறார்கள். மாவீரம் ஒன்றும் இல்லை; வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். உழைப்பாளர் உருவம் செய்கிற பலர் ராய் சௌத்ரியில் தொடங்கி ராம்கிங்கரிடம் வந்து சேர்வதற்கு இதுதான் காரணம்.

உருவத்துக்கு முன் ஆள் வேண்டும். கூலியாட்கள் கிடைக்கும் இடம் ஊருக்கே தெரியும்: டீக்கடை ஓரம், மேம்பாலத்தடி, நாலு ரோடு சேரும் முனை. காலை ஆறரைக்கு மேல், டிபன் தூக்கும் மாற்றுத் துணியும் திணித்த பையோடு கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று கூட்டம் நிற்கும். ஒன்பது மணிக்கு மேலும் அங்கே நிற்பவருக்கு அன்று வேலை இல்லை என்று பொருள். தொண்ணூறுகளில் அந்த முனைகளில் தருமபுரி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு கேட்கும். இப்போது இந்தியும் வங்காளமும் ஒடியாவும் கேட்கின்றன. அதனால் வரைகிறவர் வேலையும் மாறிவிட்டது. முன்பு பேசிக்கொண்டே வரைவார்கள். பேச்சில்தான் முகம் இளகும். மொழி தெரியாத ஆளை வரையும்போது கைபேசியில் அவர் ஊர்ப் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, ஒன்பதரை மணிக்குப் போய், வேலை கிடைக்காமல் நிற்பவரை அரைக் கூலிக்கு அழைத்து வருவது. “சும்மா நிக்கத்தானே போறீங்க” என்று ஒரு சமாதானம் வேறு. நிற்பது சும்மா இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே ஏற்றிவிடும். ஆடாமல் அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கும், தலை கிறுகிறுக்கும். நாள் முழுக்கச் சிமெண்ட் மூட்டை தூக்கியும் சளைக்காத ஒரு பெரியாள், ஒரு சிற்பக் கூடத்தில் நாற்பது நிமிடம் ஒரே நிலையில் நின்றதும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் அவர் சொன்னது, “இதுக்கு மூட்டையே தேவலாம் சார்.” இருபது நிமிடம் நிற்பது, பத்து நிமிடம் ஓய்வு, பாதம் இருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு என்ற முறை கலைக் கல்லூரிகளில் இருப்பது இதற்காகத்தான். கூலியும் முழுக் கூலியாக இருக்க வேண்டும். கூடவே டீயும் மதியச் சாப்பாடும். ஒருநாள் வராமல் போன சித்தாளின் இடத்தில் மேஸ்திரி மறுநாள் வேறு ஆளை வைத்துவிடுவார் என்பதால், வேலை உள்ள ஆளை அழைத்தால் மேஸ்திரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கூலி, மேஸ்திரி விவகாரத்தையெல்லாம் கலைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

கனம் பற்றிய பாடமும் அப்படித்தான் கிடைக்கிறது. சென்னைக்கு வெளியே இருந்த ஒரு சிற்பக் கூடத்தில், தலையில் பாண்டுச் சட்டி வைத்த சித்தாள் உருவம் ஒன்று களிமண்ணில் எழும்பிக்கொண்டிருந்தது. மாடலாக நின்ற அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சட்டிக்குள் தெர்மாகோல் துண்டுகளை நிரப்பி, மேலே ஒரு பூச்சு சாந்து தடவி வைத்திருந்தார்கள். மூன்று நாள் வேலை நடந்தது. உருவம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் திருவிழாவில் கரகம் எடுத்து நிற்பவர் போல இருந்தது. எங்கே கோளாறு என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் அந்த அம்மாவே சட்டியை இறக்கி வைத்து, “காலிச் சட்டிய வெச்சுக்கிட்டு கனமா நில்லுன்னா எப்படி சார் நிக்கறது?” என்றார். கூடத்து வாசலில் கிடந்த மணலை அவரே அள்ளிப் போட்டார். சும்மாட்டை அவிழ்த்து, துண்டை முறுக்கி, மறுபடி வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்தார். நடு உச்சியில் வைக்கவில்லை. நெற்றிப் பக்கமாக ஒரு விரற்கடை முன்தள்ளி வைத்தார். சட்டி ஏறியதும் தாடை உள்ளே போனது. காதுக்குக் கீழிருந்து கழுத்தெலும்புக்கு இறங்கும் இரண்டு தசைத் தடங்களும் கயிறு போல் எழும்பின. பார்வை தரைக்குப் போகாமல் பத்தடி தள்ளி ஓரிடத்தில் நிலைத்தது. இடுப்பு ஒருபக்கம் ஒதுங்கியது. பழைய களிமண்ணைக் கழுத்துவரை வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் சட்டியை இறக்கினார்கள்; வேலை இருபது நாள் இழுத்தது.

உருவம் முடிந்து அதைப் பார்க்க அவரோடு வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முகச்சாயல் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை. சட்டியை விளிம்பில் பிடித்திருக்கும் கையைப் பார்த்தார்கள். “ஈரச் சாந்துன்னா கட்டை விரலு உள்ள போவாது, வெந்துடும்” என்றார் ஒருவர். சிமெண்டின் காரம் விரல் நுனித் தோலை அரித்துவிடும். அதனால் வெளிப்புறமாகவே பிடிப்பார்கள். கட்டை விரலை மாற்றிய பிறகுதான் உருவம் அச்சுக்குப் போனது. பத்திரிகை விமர்சனத்தில் இப்படி ஒரு குறையைக் கண்டவர் யாரும் இல்லை.

சுமை தூக்குகிறவரை மதித்துக் கல் நடும் வழக்கம் தமிழகத்தில் புதிதல்ல. கிராமச் சாலையோரங்களில் இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைப் படுக்கவைத்த சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது. தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். நிற்கும் ஆளின் தலை, தோள் உயரத்துக்குக் கணக்காக இருக்கும். அதில் உருவம் கிடையாது, முகம் கிடையாது. உழைப்பாளருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று பேச்சு வரும் கூட்டங்களில் யாராவது ஒருவர் சுமைதாங்கியைச் சொல்லுவார். மற்றவர்கள் அதைக் கவிதை என்று தலையாட்டிவிட்டு, பத்தடி உருவத்துக்கு மதிப்பீடு கேட்பார்கள்.

கட்டட வேலை தெருவில் நடப்பது; யாரும் நின்று பார்க்கலாம். வீட்டு வேலை அப்படி இல்லை. அது நாலு சுவருக்குள் நடக்கிறது. செய்து முடித்தபின் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. கொத்தனார் எழுப்பிய சுவர் நிற்கும். பாத்திரம் தேய்த்தவருக்கு மிஞ்சுவது அழுக்கில்லாத பாத்திரம். அடுத்த வேளைக்கு அதுவும் அழுக்காகிவிடும். சட்டத்தின் கண்ணுக்கே இவர்கள் பின்னால்தான் பட்டார்கள். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி வாரியம் அமைய 2007 ஆனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அவர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது 2011 ஜூன் 16 அன்று. வாரிய அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த படம்தான், வேலை செய்கிறவர் என்ற முறையில் பல பெண்களுக்குக் கிடைத்த முதல் உருவப்படம். கல்யாணப் படம், திருவிழாப் படமெல்லாம் இருக்கும். அவற்றில் அவர்கள் மனைவி, அம்மா, அக்கா. அட்டையில் மட்டும்தான் படத்துக்குக் கீழே தொழில் என்று ஒரு வரி உண்டு.

வீட்டு வேலை செய்பவரை அங்கேயே வைத்து வரைய வேண்டுமானால் வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும்போது கூடவே சில வந்து சேரும். ஓவியர் வருகிறார் என்று தெரிந்ததும் சமையலறை முந்தைய இரவே சுத்தமாகிவிடும். அதையும் அந்த அம்மாதான் கூடுதலாக இரண்டு மணி நேரம் நின்று சுத்தம் செய்திருப்பார். “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி சார்” என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் காதில் விழும். அந்த ‘மாதிரி’யை எப்படி வரைவது என்பதுதான் சிக்கல். ஒரு ஓவியர் வாரக்கணக்கில் இப்படிப் பல வீடுகளுக்குப் போய், வரைந்ததில் எதுவும் சரிவரவில்லை என்று கிழித்துப் போட்டார். கடைசியில் அவர் வரைந்தது ஒரு டம்ளர். சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளியே, துளசித் தொட்டிக்குப் பக்கத்தில், மற்றப் பாத்திரங்களோடு சேராமல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். அடியில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ், அடையாளத்துக்கு. கண்காட்சிக்கு வந்தவர்கள் வெயில் எவர்சில்வரில் விழுந்திருக்கும் விதத்தைப் பாராட்டினார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் சிலரை ஒரு சங்கத்தார் அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் படத்தைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து, “ஏய், நம்ம டம்ளருடி” என்றார். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் படம் விற்கவில்லை.

இதே சிக்கலை லாஸ் ஏஞ்சல்ஸில் அவிழ்த்தவர் ஜே லின் கோமஸ். ராமிரோ கோமஸ் என்ற பெயரில் அறிமுகமானவர். மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1986இல் பிறந்தவர்; தாய் பள்ளிக்கூடத் துப்புரவுப் பணியாளர், தந்தை லாரி ஓட்டுநர். ஹாலிவுட் மலைப்பகுதியில் ஒரு குடும்பத்தில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, அந்த வீட்டுக்கு வரும் வழவழப்பான வீட்டலங்காரப் பத்திரிகைகளின் பக்கங்களைக் கிழித்து, அவற்றின்மேல் அக்ரிலிக்கில் வேலைக்காரர்களை வரைந்தார். படுக்கையறை விளம்பரத்தில் படுக்கை விரிப்பை உதறும் பெண், சமையலறை விளம்பரத்தில் மேடை துடைக்கும் பெண். முகத்தில் கண், மூக்கு இருக்காது. குழந்தை தூங்கும் நேரத்துக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். பிறகு அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு வெட்டித் தோட்டக்காரர், ஆயா என்று வரைந்து, பெவர்லி ஹில்ஸ் வேலி ஓரங்களில் நிறுத்தினார். காருக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு நிஜ ஆள் நிற்பதாகவே தோன்றும். யாராவது எடுத்துப்போட்டுவிட்டால் அட்டை காணாமல் போகும். டேவிட் ஹாக்னியின் 1967ஆம் ஆண்டு நீச்சல்குள ஓவியம் ஒன்று உலகப் புகழ்பெற்றது. யாரோ குதித்து நீர் தெறிக்கும் கணம் அது, ஆள் தெரியாது. கோமஸ் 2013இல் அதையே திருப்பி வரைந்தார். நீர் தெறிக்கவில்லை, குளத்தை ஒருவர் சுத்தம் செய்கிறார், கண்ணாடிக் கதவை ஒரு பெண் துடைக்கிறார். வேலையின் விளைவு கண்ணுக்குத் தெரியாது என்றால், அந்த விளைவை அனுபவிக்கிற இடத்துக்குள்ளேயே ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். பட்டறை நுணுக்கமாகப் பார்த்தாலும் இது கெட்டிக்காரத்தனம்: பின்னணியை வரையும் செலவு இல்லை, அதை விளம்பரக்காரரே செய்து கொடுத்துவிட்டார்.

உடை விஷயத்தில் வரைகிறவருக்கும் வரையப்படுகிறவருக்கும் இழுபறி வராமல் இருக்காது. வேலைச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியோ, நைட்டிமேல் துண்டு போட்டோ, ஈரக் கையோடு நிற்பதைத்தான் ஓவியர் விரும்புவார். சொன்ன நாளில் அந்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பவுடர் போட்டு வந்து நிற்பார். “வேல செய்யறப்ப போடறதயா படத்துல போடுவாங்க?” வற்புறுத்தி வேலைச் சேலையில் வரைந்த படங்களில் ஒரு விறைப்பு தெரியும், அது உழைப்பின் விறைப்பு என்று கேட்டலாகில் அச்சடித்த சம்பவமும் உண்டு. அனுபவப்பட்டவர்கள் இரண்டு படம் வரைவார்கள். பட்டுச்சேலைப் படம் அவர் வீட்டுக்குப் போகும். மற்றது, அவர் சம்மதித்தால், கண்காட்சிக்கு. இரண்டையும் ஒரே உருவத்தில் சேர்க்க முடியும் என்று காட்டியவர் தென்னாப்பிரிக்காவின் மேரி சிபாண்டே. தன் உடலிலிருந்தே அச்செடுத்து அவர் செய்த ‘சோஃபி’ என்ற உருவம், வீட்டு வேலைக்காரியின் நீலச் சீருடையும் வெள்ளை முன்துணியும் அணிந்தது. ஆனால் அந்தச் சீருடை ராணியின் அங்கி போல விரிந்து பரந்து தரையை நிறைத்துக் கிடக்கும். அவர் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. சோஃபியின் கண் மூடியே இருக்கும். பட்டுச்சேலை கேட்ட அம்மா சொல்ல வந்தது ஏறக்குறைய இதைத்தான்.

அடுத்தது எதில் செய்வது என்பது. களிமண் உருவத்தின்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பதுவரை எல்லாக் கூடத்திலும் ஒரே முறைதான். அச்சிலிருந்து வெண்கலமா, சிமெண்டா, ஃபைபரா என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. ராம்கிங்கர் 1938இல் ‘சந்தால் குடும்பம்’ செய்தபோது அச்சே எடுக்கவில்லை. கம்பிக்கூட்டின்மேல் சிமெண்டும் செம்புறைச் சரளையும் கலந்த கலவையை எறிந்து அப்பி, செதுக்கி முடித்தார். காவடித் தடியும் கூடையும் குழந்தையும் நாயுமாகப் பிழைப்புக்கு இடம் பெயரும் குடும்பம், வழிநடையில் கிடக்கும் சரளையிலேயே ஆனது. சென்னைச் சிற்பிகள் சிலர் சிமெண்டுக்கு வந்ததும் பணத்தட்டுப்பாட்டால்தான். அதில் ஒரு பொருத்தமும் இருந்தது: கலவை போடத் தெரிந்த ஆளைப் கூலியாட்கள் நிற்கும் முனையிலிருந்தே கூட்டி வரலாம், சிற்பியைவிடப் பதம் அவருக்குத் தெரியும்.

பிறகு ஃபைபர் வந்தது. சிலை பத்தில் ஒரு பங்கு எடையில், பாதி நாளில் முடிந்தது. வெண்கல நிறம் அடித்துவிட்டால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. வெயிலில் சில ஆண்டுகளில் மாவு பூத்தது போல வெளுத்துவிடும். அச்சிலிருந்து எடுத்த ஃபைபரைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது தினக்கூலிப் பையன்கள். கண்ணாடி இழைத் தூள் கையிலும் கழுத்திலும் குத்தி, இரவெல்லாம் அரிக்கும். கையுறை, முகமூடி இல்லாமல் பையன்கள் உட்கார்ந்து உழைப்பாளர் சிலையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் காட்சி, இத்துறையில் அதிகம் பேசப்படாத ஒன்று. வெண்கல வார்ப்பிலும் இழப்பு உண்டு. ஒரு கொத்தனார் உருவத்தின் விரல்களில் சிமெண்ட் வெடிப்புகளைக் களிமண்ணில் ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்து, மெழுகிலும் அப்படியே காப்பாற்றி, வார்ப்புக்கு அனுப்பினார்கள். வந்து சேர்ந்த உருவத்தின் கை மாப்பிள்ளைக் கை போல மினுமினுத்தது. வார்ப்பில் விழுந்த குறை என்று நினைத்து, பட்டறைத் தொழிலாளி அக்கறையோடு அத்தனை வெடிப்பையும் அராவி எடுத்திருந்தார். அவர் கையிலும் அதே வெடிப்புகள் இருந்தன. திரும்ப உளியால் வெட்டிச் சேர்த்ததில் பாதிதான் மீண்டது.

இடம் இன்னொரு கதை. கூடத்தில் தயாரானது கேலரிக்குப் போனால், யாரை வரைந்தார்களோ அவர் அங்கே வரமாட்டார்; வந்தாலும் உள்ளே போவது எளிதல்ல. ஒரு கண்காட்சித் திறப்பில், சுவரில் தொங்கும் படத்துக்கு மாடலாக இருந்த அம்மாவைக் காவலாளி வாசலில் நிறுத்திப் பின்கட்டு வழியைக் காட்டினார், கேட்டரிங்கில் பாத்திரம் கழுவ வந்தவர் என்று நினைத்து. அவர் பேசாமல் பின்கட்டுக்கே போய் உட்கார்ந்திருந்தார். அரை மணி கழித்துத்தான் ஓவியருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஓவியர் அழைப்பிதழை மாடல்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அன்று மாலை வாசலில் தானே நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார். இதற்கு மாற்றாகச் சுவர்கள் வந்தன. 2020இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியம் தீட்டியது. நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். தங்கள் தெருப் பிள்ளைகளின் முகம் நாலு மாடி உயரத்துக்குச் சிரிப்பதைப் பார்த்தபடி பேருந்து பிடிக்கிறார்கள். தண்ணீரும் சாக்கடையும் சரியில்லாத இடத்தில் வர்ணம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். வர்ணம் அதற்குப் பதிலாகாது. ஆனால் வெளியூர்க்காரரிடம் முகவரி சொல்லத் தயங்கிய இளைஞர்கள் சுவரின் முன் நின்று படமெடுத்துக்கொண்டதும் நடந்தது. அதே ஆண்டு, ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்ததற்குப் பின் வந்த துர்கா பூஜையில், கொல்கத்தா பெஹாலாவின் பரிஷா கிளப் பந்தலில், கையில் குழந்தையோடு நிற்கும் புலம்பெயர் தாயாகத் தேவியைச் செய்திருந்தார் பல்லப் பௌமிக்.  பந்தலுக்கு டிக்கெட் கிடையாது.

பீடத்தில் யார் பெயர் வரும் என்பதில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர், கடைசி வரியில் சில வேளை சிற்பி. மாடலின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிற சிற்பிகள் இப்போது இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு முன் மாடலைக் கேட்டாக வேண்டும். வீட்டு வேலைக்குப் போவது சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல், கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்திருக்கும் பெண்கள் உண்டு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் படம் பத்திரிகையில் வந்துவிட, ஒரு சம்பந்தமே பேச்சோடு நின்றதும் நடந்திருக்கிறது. அதனால் பெயர், ஊர், முகம் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குவது, அதைப் படித்துக் காட்டி வாங்குவது, விற்ற பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எழுதி வைப்பது என்று சிலர் முறை வகுத்துக்கொண்டார்கள். பங்கு கொடுக்கும் பழக்கம் பரவலாகவில்லை. கூலி கொடுத்தாயிற்றே என்பதுதான் பெரும்பாலோர் வாதம். கட்டடம் கட்டுகிறவர் சொல்வதும் அதுவே.

நிறுவிய பின் மிஞ்சுவது பராமரிப்பு. கடலோரத்தில் வெண்கலத்துக்கு எதிரி உப்புக் காற்று. அதில் உள்ள குளோரைடு உலோகத்துக்குள் புகுந்தால் வெளிர்பச்சைத் தூளாகக் கிளம்பும். அப்படியே விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். நல்ல தண்ணீரில் மெத்தென்ற பிரஷால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, லேசாகச் சூடுகாட்டி மெழுகு பூசி, துணியால் தேய்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்தால் போதும். செய்வதில்லை; விழாவுக்கு முதல்நாள் சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகிறார்கள், சில இடங்களில் பெயிண்டே அடித்துவிடுகிறார்கள். இந்தக் கழுவும் வேலையையே கலையாக்கியவர் நியூயார்க்கின் மியர்ல் லேடர்மேன் யூகிலிஸ். குழந்தை பிறந்தபின், வீட்டைத் துடைப்பதா கலை செய்வதா என்ற இழுபறியில், 1969இல் துடைப்பதும் கலைதான் என்று அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டில் ஒரு அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளை மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கழுவினார். பிறகு 1979, 1980 ஆண்டுகளில் நகரத்தின் 8,500 துப்புரவுப் பணியாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அந்தப் படைப்பில் சிலை இல்லை, பீடம் இல்லை, கைகள் மட்டும்.

சென்னையில் சிலை கழுவ வருகிறவர்களும் தினக்கூலிக்காரர்கள்தான். ஒப்பந்தக்காரர் அனுப்பிய இரண்டு பெண்கள் ஒரு பூங்காவில் ஃபைபர் சித்தாள் சிலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணியில் நின்று சட்டிக்குள் தேங்கிய மழைத்தண்ணீரையும் சருகையும் கையால் வழித்துக் கொட்டினார். கொசு வருது, அடியில ஒரு ஓட்ட போட்டு வெச்சிருக்கலாம் என்றார் கீழே நின்றவரிடம். மறுவாரம் சிற்பியின் உதவியாளர் டிரில் மிஷினோடு வந்து சட்டியின் அடியில் கால் அங்குலத் துளை ஒன்று போட்டுவிட்டுப் போனார்.